வீடுகள் சொல்லும் வரலாறு

நுழையும்முன்

அரசர்களின் கோட்டைகள் பல நூற்றாண்டுகள் நிலைத்து நிற்கின்றன. அக்கோட்டைகளைச் சூழ்ந்து வாழ்ந்த உழவரும் மீனவரும் கூலித்தொழிலாளரும் குடியிருந்த வீடுகள் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. எளிய மக்களின் வாழ்வை எதைக்கொண்டு அறிவது? இவ்வினாவிற்கு விடைகாணும் முயற்சிகளுள் ஒன்றே திறந்தவெளி அருங்காட்சியகம். அயர்லாந்து நாட்டில் அமைந்துள்ள அத்தகைய அருங்காட்சியகம் ஒன்றைக் காண்பதும், அங்கு நிற்கும் வீடுகளையும் நிற்காத வீடுகளையும் வரலாற்றுச் சான்றாகப் படிக்கக் கற்பதும் இப்பாடத்தின் நோக்கம்.

கூரையில்லா அருங்காட்சியகம்

அருங்காட்சியகம் என்றவுடன் கண்ணாடிப் பேழைகளும் அவற்றுள் அடுக்கிவைக்கப்பட்ட நாணயங்களும் வாள்களும் சிலைகளும் நம் நினைவுக்கு வரும். ஒரு கலப்பையைப் பேழைக்குள் வைத்துக் காட்டலாம். அக்கலப்பை உழுத வயல், அதை இழுத்த குதிரை கட்டப்பட்டிருந்த கொட்டில், உழுதவன் உண்டு உறங்கிய வீடு ஆகியவற்றைப் பேழைக்குள் வைக்க இயலாது. இக்குறையை உணர்ந்த ஆர்தர் ஹசேலியஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர், 1891ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தை நிறுவினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து, அவற்றை மரங்களுக்கும் தோட்டங்களுக்கும் இடையே மீண்டும் எழுப்பினார். தொழிற்புரட்சியால் சிற்றூர் வாழ்க்கை விரைந்து மாறிக்கொண்டிருந்த காலம் அது.

அவர் காட்டிய வழியைப் பிற நாடுகளும் பின்பற்றின. அயர்லாந்துத் தீவின் வடபகுதியில், 1958ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அல்ஸ்டர் நாட்டுப்புற அருங்காட்சியகம் உருவாக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே பத்தாண்டில் தீவின் மேற்குப் பகுதியிலுள்ள கிளேர் மாவட்டத்தில் பன்ராட்டி நாட்டுப்புறப் பூங்கா தோன்றியது. நாம் காணவிருப்பது இப்பூங்காவையே.

கோட்டையும் குடில்களும்

லிமெரிக் நகரிலிருந்து எனிஸ் நகருக்குச் செல்லும் வழியில், ஷானன் ஆற்றின் கழிமுகத்திற்கு அருகே பன்ராட்டிக் கோட்டை உயர்ந்து நிற்கிறது. இன்று நாம் காணும் கோட்டை ஏறத்தாழ 1425ஆம் ஆண்டில் மக்னமாரா குடியினரால் கட்டப்பட்டது. பின்னர் ஓ'பிரையன் குடியினரின் கைக்கு மாறியது. காலப்போக்கில் சிதைந்திருந்த இக்கோட்டையை 1954ஆம் ஆண்டில் கோர்ட் பிரபு விலைக்கு வாங்கிச் செப்பனிட்டார். அதன் கற்சுவர்கள் ஐந்நூறு ஆண்டுக்கால மழையையும் போரையும் தாங்கியவை. கூரையை மீட்டு, உள்ளே பழங்கால மேசைகளையும் திரைகளையும் வைத்தவுடன் கோட்டை மீண்டும் உயிர்பெற்றது.

கோட்டையின் காலடியில் விரிந்துள்ள நிலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் உள்ளன. பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வாழ்க்கையைக் காட்டுபவை அவை. உழவர் வீடு, மீனவர் வீடு, கூலியாள் குடில், கொல்லுலை, நீராலை, பள்ளிக்கூடம், அஞ்சலகம், தேவாலயம் என ஒரு சிற்றூருக்கு வேண்டிய அனைத்தும் அங்குள்ளன. அவற்றுள் சில, வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டவை. வேறு சில, அந்தந்தப் பகுதியின் வீட்டமைப்பைப் பின்பற்றிப் புதிதாகக் கட்டப்பட்டவை.

இப்பூங்காவின் தொடக்கம் ஒரு விமான ஓடுபாதையோடு தொடர்புடையது. அருகிலுள்ள ஷானன் விமான நிலையத்தின் ஓடுபாதையை விரிவுபடுத்த முனைந்தபோது, அதன் வழியில் ஒரு பழைய உழவர் வீடு நின்றது. வழக்கமாக இத்தகைய வீடுகள் ஒரே நாளில் இடித்துத் தள்ளப்படும். ஆனால், அவ்வீட்டை முறையாகப் பிரித்தெடுத்துப் பன்ராட்டிக் கோட்டையின் அருகே மீண்டும் கட்டினர். அதுவே பூங்காவின் முதல் வீடாயிற்று. புதியது வருவதற்கு வழிவிட்ட பழையது, அழியாமல் வேறிடத்தில் வேர்கொண்டது.

பெயர்த்து நடுதல்

வீட்டைப் பெயர்த்தல் என்பது நாற்றைப் பிடுங்கி நடுவது போன்ற எளிய செயலன்று. முதலில் வீட்டை எல்லாப் பக்கங்களிலும் அளந்து வரைபடம் எழுத வேண்டும். ஒவ்வொரு சுவரையும் நிழற்படம் எடுக்க வேண்டும். அதன்பின், கற்களுக்கு எண்ணிட்டு மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். கதவு, சன்னல், உத்தரம், அடுப்பங்கல் ஆகியவற்றிற்கும் தனித்தனியே குறியீடு இடப்படும். புதிய இடத்தில் வரைபடத்தையும் எண்களையும் பார்த்து, கீழிருந்து மேலாக அடுக்கிக் கட்டுவர். டிப்பெரரி மாவட்டத்தின் ஆர்ட்குரோனி என்னும் ஊரிலிருந்த தேவாலயம் ஒன்று இவ்வாறு கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு, இன்று இப்பூங்காவில் நிற்கிறது.

பிரிக்கும்போதுதான் பல செய்திகள் வெளிப்படும். சுண்ணாம்புப் பூச்சின் அடுக்குகளும், அடைக்கப்பட்ட பழைய சன்னலும், பின்னாளில் சேர்க்கப்பட்ட அறையின் ஒட்டுச்சுவரும் அக்குடும்பத்தின் ஏற்றத்தாழ்வுகளைச் சொல்லும். ஓலைச்சுவடியைப் படிப்பவர் எழுத்தைப் படிப்பதுபோல், வீட்டைப் பிரிப்பவர் கல்லையும் மரத்தையும் படிக்கிறார்.

நிலமும் காற்றும் வகுத்த வீடுகள்

பூங்காவின் வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுவருவோர், அவை ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமையை உணர்வர். அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீண்டு கிடக்கும் லூப் ஹெட் தீபகற்பத்தின் மீனவர் வீட்டில், வைக்கோற்கூரையின்மேல் கயிறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போடப்பட்டு, சுவரில் பதித்த முளைகளில் இறுகக் கட்டப்பட்டுள்ளன. கடற்காற்று கூரையைப் பிய்த்தெறியாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. வைக்கோலையும் உலர்புல்லையும் முறுக்கித் திரிக்கும் கயிற்றை ஐரிஷ் மொழியில் 'சூகான்' என்பர். நாற்காலியின் இருக்கையைப் பின்னுவதற்கும் அதே கயிற்றைப் பயன்படுத்தினர்.

மேயோ மாவட்டத்து வீட்டு முறையைக் காட்டும் வீடொன்றில், ஒரே கூரையின்கீழ் ஒரு முனையில் கறவைமாடுகளும் மறுமுனையில் மனிதர்களும் வாழ்ந்தனர். இவ்வகை வீடுகளில் மாடுகள் நிற்கும் பக்கம் தரை சற்றுத் தாழ்ந்திருக்கும்; கழிவுநீர் அப்பக்கமாக வடிந்து வெளியேறும். குளிர்மிகுந்த இரவுகளில் மாடுகளின் உடல்வெப்பம் வீட்டிற்கும் வெப்பம் தந்தது. அடுப்பின் அருகே சுவரைக் குடைந்தாற்போல் அமைந்த மாடத்தில் ஒரு படுக்கை உண்டு. 'கல்யாக்' என்பது அதன் பெயர். கிழவி என்பது அச்சொல்லின் பொருள். வீட்டிலேயே மிகுந்த வெப்பமுள்ள அவ்விடம் முதியோருக்கு உரியதாக இருந்தது.

பெரும்பாலான சிற்றூர் வீடுகளின் வாயிலில் அரைக்கதவு ஒன்று காணப்படும். அதன் கீழ்ப்பாதி மூடியிருந்தால் கோழியும் பன்றியும் உள்ளே நுழையா. குழந்தை வெளியே போகாது. மேற்பகுதி திறந்திருப்பதால் வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும். சன்னல்கள் அரிதாக இருந்த வீடுகளில் அதுவே சன்னலின் பணியையும் செய்தது. வழியில் செல்வோரோடு கைகளை அதன்மேல் ஊன்றி நின்று பேசலாம். ஒரு பலகையில் இத்தனை பயன்களைக் கண்டறிந்தவர்களை நாம் கல்லாதவர் என்று கூறிவிட முடியாது.

வீட்டின் நடுவம் அடுப்பு. சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுத்து உலர்த்திய 'பீட்' என்னும் கரிமண் கட்டிகளே எரிபொருள். இரவில் கங்குகளைச் சாம்பலால் மூடிவைத்து, காலையில் கிளறி மீண்டும் தீ வளர்ப்பர். நீறுபூத்த நெருப்பு அணையாமல் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட வீடுகள் உண்டு என்பர். தூண்டில்போல் அசையும் இரும்புக் கையில் பாத்திரம் தொங்கும். மூடியின்மேலும் கங்குகளை இட்டு அதனுள் ரொட்டி சுடுவர். இன்றும் பூங்காவின் வீடுகளில் கரிமண் அடுப்பு எரிகிறது; மரபுடை அணிந்தோர் அவ்வடுப்பில் ரொட்டி சுட்டுக் காட்டுகின்றனர். அப்புகையின் மணமே பார்வையாளரை முதலில் வரவேற்கும்.

வளமான நிலப்பகுதி 'பொன் பள்ளத்தாக்கு' எனப்படும். அப்பகுதிப் பண்ணையாரின் வீடும் இங்குண்டு. பால்பண்ணையால் செழித்த அவ்வீட்டில் விருந்தினருக்கெனத் தனி அறையும், பீங்கான் கலங்களும், நேர்த்தியான மரப்பொருள்களும் உள்ளன. மேற்குக் கடற்கரையில் மீனவன் காற்றோடு போராடிய அதே காலத்தில், உள்நாட்டுச் சமவெளியில் ஒரு வகுப்பினர் வளமாக வாழ்ந்தனர். சிற்றூர் வாழ்க்கை எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததில்லை என்பதை இவ்வீடுகள் அருகருகே நின்று காட்டுகின்றன.

ஒற்றை அறைக் குடில்

இவையனைத்திலும் சிறியதாக ஒரு குடில் பூங்காவில் நிற்கிறது. நான்கு சுவர், ஓர் அறை, ஓர் அடுப்பு, மிகச் சில பொருள்கள். அதற்குப் 'பொஹான் ஸ்கோர்' என்று பெயர். நிலமற்ற கூலித்தொழிலாளியின் குடில் அது. 'பொஹான்' என்றால் குடில். 'ஸ்கோர்' என்றால் எண்ணிக்கை அல்லது வெட்டுக்குறி. கூலியாள் உழைத்த நாள்களை ஒரு கோலில் வெட்டுக்குறிகளாகப் பதிந்து வைத்தனர். குடிலுக்கும் அதை ஒட்டிய சிறுநிலத்திற்கும் உரிய வாடகையைப் பணமாகக் கொடுக்க இயலாதவன் தன் உழைப்பால் கொடுத்தான்; கோலின் குறிகளே கணக்கேடாயின.

பார்வையாளர் பலர் இக்குடிலுள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டிற்குச் சென்றுவிடுவர். பார்ப்பதற்கு அங்கு அதிகமில்லை. எனினும், பூங்காவிலேயே மிகுந்த சிந்தனைக்குரிய கட்டடம் இதுவே. ஏன்?

1841ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அயர்லாந்தின் வீடுகள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரே அறை கொண்ட மண்குடில்கள் நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 4,90,000. மக்கள் குடியிருந்த வீடுகளுள் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் இத்தகைய குடில்களே. எனவே, அக்காலத்தில் மிகப் பரவலாகக் காணப்பட்ட வீட்டுவகைகளுள் ஒன்று இது. அடுத்த கணக்கெடுப்பு 1851ஆம் ஆண்டில் நடந்தபோது, அவை ஏறத்தாழ 1,35,000 ஆகக் குறைந்திருந்தன. பத்தே ஆண்டுகளில் மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட குடில்கள் கணக்கிலிருந்து மறைந்துவிட்டன. அவற்றில் வாழ்ந்தோர் நல்ல வீடுகளுக்குக் குடிபெயர்ந்ததால் நேர்ந்த குறைவாக இதைக் கொள்ள முடியாது. அந்தப் பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 82 இலட்சத்திலிருந்து 66 இலட்சத்திற்கும் கீழாக வீழ்ந்திருந்தது.

பெரும்பசி

ஐரிஷ் மக்கள் 'அன் கோர்ட்டா மோர்' என்று குறிப்பிடும் பெரும்பஞ்சமே இம்மாற்றத்திற்குக் காரணம். அத்தொடருக்குப் 'பெரும்பசி' என்பது பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அயர்லாந்தின் ஏழை மக்களில் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் உருளைக்கிழங்கையே முதன்மை உணவாகக் கொண்டிருந்தனர். சிறிய நிலத்தில் ஒரு குடும்பத்திற்குப் போதிய விளைச்சலைத் தரக்கூடிய பயிர் அதுவே. வளர்ந்த ஆண் தொழிலாளி நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ கிழங்கு உண்டான். விளைந்த தானியமும் வளர்த்த பன்றியும் வாடகைக்கே சென்றன. ஏழைகள் பெரிதும் பயிரிட்ட 'லம்பர்' என்னும் வகை, கிழங்கை நட்டே பெருக்கப்பட்டதால், நோய் தாக்கினால் ஒரு வயல் தப்பி ஒரு வயல் அழியும் என்னும் நிலை இல்லை. 1845ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரியால் உண்டாகும் கருகல் நோய் பரவியது. அடுத்த ஆண்டில் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது.

பயிர்நோய் இயற்கையால் வந்தது. பஞ்சம் பேரழிவாக மாறியதற்கு மனிதர் வகுத்த ஏற்பாடுகளுக்கும் பங்குண்டு. பஞ்சக் காலத்திலும் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடைகளும் ஏற்றுமதியாயின. 1847ஆம் ஆண்டின் கோடையில் அரசு திறந்த கஞ்சித்தொட்டிகள் நாளொன்றுக்கு முப்பது இலட்சம் பேர்வரை உணவளித்தன. இயலாத செயல் அன்று என்பது அதனால் விளங்கியது. ஆயினும், அவை சில மாதங்களிலேயே மூடப்பட்டன. அவ்வாண்டில் சேர்க்கப்பட்ட சட்டப்பிரிவு ஒன்று, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர் அரசின் உதவியைப் பெற இயலாது என்றது. பசித்தவன் நிலத்தை விட்டால்தான் உணவு பெறலாம். நிலத்தை விட்டால் வீடும் போகும். மேலும், மிகச் சிறு குத்தகைகளுக்கான ஏழையர் உதவி வரியை நிலவுடைமையாளரே செலுத்த வேண்டியிருந்தது. குத்தகைதாரரை வெளியேற்றினால் வரிச்சுமை நீங்கும். ஆகவே, பலர் வெளியேற்றத்தையே எளிய வழியாகக் கொண்டனர்.

வெளியேற்றப்பட்டவர் மீண்டும் நுழையாதிருக்கக் கூரையைப் பிரித்து, சுவர்களை இடித்தனர். கிளேர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இக்கொடுமை மிகுந்திருந்தது. நாம் கண்ட லூப் ஹெட் மீனவர் வீடு அப்பகுதியைச் சார்ந்ததே. அங்குள்ள மோவீன் என்னும் சிற்றூரின் கூரையற்ற வீடுகளை, 1849ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டனிலிருந்து வெளிவந்த படவிதழ் ஒன்று ஓவியங்களாக வெளியிட்டது. இடிந்த சுவர்களுக்கு இடையிலும், நிலத்தில் தோண்டிய குழிகளிலும் குடும்பங்கள் ஒடுங்கிக் கிடந்தன. பஞ்ச ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்குக் குறையாத எண்ணிக்கையினர் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் சென்றனர்.

இப்போது அந்த ஒற்றை அறைக் குடிலை மீண்டும் நோக்குவோம். கற்களுக்கு எண்ணிட்டுப் பிரித்து மீண்டும் அடுக்குவதற்கு முதலில் கற்கள் வேண்டும். கூரை பிரிக்கப்பட்ட மண்சுவர் சில மழைக்காலங்களில் கரைந்துவிடும். பெயர்த்துக் கொணர எஞ்சியவை பெரும்பாலும் வசதி படைத்தோர் வீடுகளே. நாட்டில் இலட்சக்கணக்கில் இருந்த குடில், பூங்காவில் மிகச் சிறுபான்மையாகிவிட்டது. அருங்காட்சியகம் செய்த பிழை அன்று இது. வரலாறு அதன் கையில் விட்டுச்சென்றது அவ்வளவே. இதை அறியாமல் பூங்காவைச் சுற்றிவருவோர், பழங்கால அயர்லாந்து கல்வீடுகளின் நாடாக இருந்தது என்று எண்ணிவிடக்கூடும்.

கழுத்தில் தொங்கிய கோல்

சிற்றூர்த் தெருவின் பள்ளிக்கூடத்தில் மரப்பலகை இருக்கைகளும் கரும்பலகையும் உள்ளன. 1831ஆம் ஆண்டில் அயர்லாந்தில் தேசியப் பள்ளிமுறை தொடங்கப்பட்டது. ஏழைச் சிறாருக்கு எழுத்தறிவு கிடைத்தது. ஆனால், பயிற்றுமொழி ஆங்கிலம். வீட்டில் ஐரிஷ் பேசிய குழந்தைகளும் பள்ளியில் ஆங்கிலமே பேச வேண்டியிருந்தது. பல ஊர்களில் குழந்தையின் கழுத்தில் கயிற்றில் கட்டிய கோல் ஒன்று தொங்கவிடப்பட்டது. ஐரிஷ் மொழியில் பேசும் ஒவ்வொரு முறையும் அக்கோலில் ஒரு குறி வெட்டப்பட்டது. குறிகளை எண்ணித் தண்டனை வழங்கினர். அக்கோலின் பெயர் 'பாட்டா ஸ்கோர்'.

'ஸ்கோர்' என்னும் அதே சொல்லை இங்கும் காண்கிறோம். தந்தையின் உழைப்பும் குழந்தையின் தாய்மொழியும் கோலில் வெட்டிய குறிகளாக எண்ணப்பட்டன. வீட்டில் பேசியதையும் ஆசிரியர் அறியும்பொருட்டுப் பெற்றோரே கோலில் குறி வெட்டியதும் உண்டு. அவர்கள் தம் மொழியை வெறுத்தவர் அல்லர். கப்பலேறிப் பிழைக்கப் போகும் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று அஞ்சியவர்கள். பஞ்சத்தில் மிகுதியாக மாண்டவரும் புலம்பெயர்ந்தவரும் ஐரிஷ் பேசிய ஏழை மக்களே. 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசுவோராகப் பதிவானோர் 15 இலட்சத்தைச் சற்றே கடந்தனர். மக்கள்தொகையில் அது நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு. குடில் அழியும்போது அதனுள் வழங்கிய சொற்களும் உடன் அழிகின்றன. சூகான், கல்யாக், பொஹான் முதலிய சொற்களைப் பூங்காவில் பொருளோடு சேர்த்துக் கற்கும்போது, ஒரு மொழியின் வீட்டையும் நாம் காண்கிறோம்.

மாணவர் திரட்டிய கருவூலம்

சுவர் கரைந்தாலும் நினைவு எஞ்சியிருக்கும். அந்நினைவும் முதியோரோடு மறைந்துவிடுவதற்கு முன் அதைத் திரட்டும் பணியை, 1935ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் மேற்கொண்டது. 1937, 1938ஆம் ஆண்டுகளில் அவ்வாணையம் வகுத்த திட்டத்தில் திரட்டுநராக அமைந்தவர் பள்ளி மாணவர். ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 50,000க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் தம் தாத்தா பாட்டியரையும் அண்டை வீட்டு முதியோரையும் வினவி, அவர்கள் கூறியவற்றைக் குறிப்பேடுகளில் எழுதினர். அவர்களின் வயது பெரும்பாலும் 11 முதல் 14 வரை. பஞ்சகாலச் செய்திகள், பழைய பள்ளிகள், கைத்தொழில்கள், மருத்துவமுறைகள், விளையாட்டுகள், அந்தக்கால வீடுகள் எனப் பல தலைப்புகளில் திரண்ட அப்பதிவுகள் ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். ஒரு நாட்டின் மாணவர் தம் கையெழுத்தால் அந்நாட்டிற்கு வழங்கிய கருவூலம் இது.

பஞ்சத்தைப் பெற்றோர் வாயால் கேட்டறிந்த முதியோர் 1937ஆம் ஆண்டில் இன்னும் உயிரோடிருந்தனர். இன்னும் இருபது ஆண்டு காலம் தாழ்த்தியிருந்தால் அவர்களுள் பெரும்பாலோரைக் கேட்டிருக்க முடியாது. மண்குடிலின் அமைப்பையும், அதில் வாழ்ந்தோர் பெயரையும், அவர்கள் சென்ற திசையையும் கல் சொல்லாது. சொல்லக்கூடியவர் சொல்லும்போது எழுதிவைத்தல் வேண்டும். கல் வீடுகளைப் பூங்கா காத்தது. கரைந்த வீடுகளின் நினைவை மாணவரின் குறிப்பேடுகள் காத்தன. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே அச்சிற்றூரின் வாழ்வு முழுமையாகப் புலப்படும்.

காண்பதும் காணாததும்

அருங்காட்சியகத்தில் பார்வையாளர் காண்பது, வாழ்க்கையிலிருந்து தெரிந்தெடுத்த ஒரு பகுதியை மட்டுமே. பூங்காவின் சுவர்கள் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கப்படுகின்றன. முற்றங்கள் தூய்மையாக உள்ளன. அன்றைய குடிலின் கண்ணெரிக்கும் புகையும், ஈரத்தரையும், கோடையில் பழைய கிழங்கு தீர்ந்து புதிய கிழங்கு விளைவதற்கு இடைப்பட்ட மாதங்களின் பசியும் அங்கு இல்லை. அழகிய வைக்கோற்கூரையைக் கண்டு, 'அக்கால வாழ்வே இனிது' என்று கூறிவிடுதல் எளிது. அதைப் போலவே, 'அறியாமையில் உழன்ற மக்கள்' என்று இரங்கிவிடுதலும் எளிது. அரைக்கதவையும் கயிறு கட்டிய கூரையையும் கண்டவர் அவர்களின் அறிவை மறுக்கமாட்டார். கோலின் வெட்டுக்குறியை அறிந்தவர் அவர்களின் துன்பத்தை மறக்கமாட்டார்.

எனவே, ஓர் அருங்காட்சியகத்தில் நுழையும்போது மூன்று வினாக்களை உடன்கொண்டு செல்லுதல் நன்று. இங்குள்ளது எவ்வாறு இவ்வளவு காலம் நிலைத்தது? இதைப் பயன்படுத்தியவர் யார்? இங்கு இருந்திருக்க வேண்டியவற்றுள் இல்லாதது எது? முதலிரண்டு வினாக்களுக்கு விடையைப் பெரும்பாலும் அறிவிப்புப் பலகையில் காணலாம். மூன்றாம் வினாவிற்குரிய விடையைப் பார்வையாளரே தேடிக் காணவேண்டும்.

பன்ராட்டியில் கோட்டையின் உச்சியில் ஏறி நிற்போர்க்குக் கீழே பூங்காவின் கூரைகள் தெரியும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த கோட்டை தன் கல்லின் வலிமையால் நிற்கிறது. குடில்கள் நிற்பதற்கு யாரோ சிலர் அவற்றைப் பொருட்படுத்தியதே காரணம். எளியோரின் வரலாறு தானாக நிலைப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதை எழுதியும் காத்தும் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க வேண்டியிருக்கிறது.

சொல்லும் பொருளும்

கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
கொட்டில் – கால்நடைகளைக் கட்டும் இடம்
உத்தரம் – கூரையைத் தாங்கும் குறுக்கு மரம்
முளை – சுவரிலோ நிலத்திலோ அடித்து இறுக்கிய சிறு கட்டை
கங்கு – எரிந்து தணலான துண்டு
கருவூலம் – அரும்பொருள் சேமித்துவைக்கும் இடம்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள முதியோர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் வாழ்ந்த வீட்டின் அமைப்பு, கட்டப் பயன்படுத்திய பொருள்கள், வீட்டின் பகுதிகளுக்கு வழங்கிய பெயர்கள் ஆகியவற்றைக் கேட்டு, அவர் கூறிய சொற்களிலேயே எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.

2. அருகிலுள்ள அருங்காட்சியகம் ஒன்றைக் கண்டு, 'இங்கு இல்லாதது எது?' என்னும் தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. திறந்தவெளி அருங்காட்சியகம் தோன்றுவதற்குக் காரணமாக இருந்த குறை யாது?
2. அரைக்கதவின் பயன்களைக் கூறுக.
3. 'ஸ்கோர்' என்னும் சொல் எவ்விரு இடங்களில் வழங்கியது?

சிறுவினா

1. பழைய வீடொன்றைப் பெயர்த்து மீண்டும் கட்டும் முறையை விளக்குக.
2. 1841, 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகள் ஒற்றை அறைக் குடில்கள் பற்றி உணர்த்துவன யாவை?
3. மாணவர் திரட்டிய பதிவுகள் பூங்காவின் வீடுகளுக்கு எவ்வாறு துணையாக அமைகின்றன?

நெடுவினா

1. 'பயிர்நோய் இயற்கையால் வந்தது. பஞ்சம் பேரழிவாக மாறியதற்கு மனிதர் வகுத்த ஏற்பாடுகளுக்கும் பங்குண்டு.' – பாடப்பகுதிவழி நிறுவுக.
2. 'எளியோரின் வரலாறு தானாக நிலைப்பதில்லை' – இக்கூற்றைப் பன்ராட்டி நாட்டுப்புறப் பூங்காவைச் சான்றாகக் கொண்டு விளக்குக.